மீனாட்சியிடம் நான் கேட்ட ஒரு "வாரேன்"

சத்சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் சோழவந்தான் முத்துப்பேச்சி கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது.

போன சித்திரை மாதம். மதுரையில் ஒரு மருத்துவமனை. தொண்டை பார்க்கும் டாக்டரம்மா, சாமியின் வாய்க்குள் கேமரா விட்டு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். குரல் பிறக்கும் இடத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி. அதை வெட்டி எடுக்க வேண்டும், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார். குரல் பழையபடி வருமா என்று ஒரு பக்தர் கேட்டார். வரலாம், மாறி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்.

கூட இருந்த பக்தர்களில் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமி மட்டும் டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அந்தப் படத்தையே ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சாமி யார் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருநகர் மண்டபத்தில் நமக்கு வேதாந்தம் சொல்லிக்கொடுக்கிறாரே, அவர்தான். பேசியே ஆக வேண்டியவர். பேச்சுதான் அவர் நமக்குக் கொடுக்கும் பிரசாதம். அவருக்குக் குரல் போனால் என்ன மிச்சம் என்று நீங்கள் எல்லோரும் அன்றைக்குப் பதறினீர்கள்.

நான் ஏன் உங்களைவிடக் கூடுதலாகப் பதறினேன் என்பது பலருக்குத் தெரியாது. அவரைப் பெற்றவள் நான்.

இத்தனை வருஷமாகப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிடுவேன். ஒருமுறை பக்கத்தில் இருந்த பெண் என் தொடையைத் தட்டி, "இந்தச் சாமியப் பெத்தவ எம்புட்டுக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். "ஆமாத்தா" என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் படவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால் என் குஞ்சு பொன் என்று ஊரே சொல்கிறதே, நான் என்ன செய்ய?

பூர்வாசிரமப் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். அதனால் நானும் சொல்லப்போவதில்லை. காவி கட்டும்வரை "அவன்", கட்டிய பிறகு "அவர்" என்று எழுதுகிறேன். எங்காவது நாக்குப் பிசகினால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வெற்றிலைக் கொடி தானாக நிற்காது. அகத்தி மரத்தை ஒட்டி ஏற்றிவிட்டு, கோரைப் புல்லால் கட்டிக்கொண்டே வர வேண்டும். என் ஒரே பிள்ளை அந்தக் கொடிக்காலில்தான் தவழ்ந்தான். பேச்சுக்காரன். கொடிக்குக்கூட நின்று கதை சொல்லுவான். ஒத்தக்கடைப் பக்கம் விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, என் வீட்டுக்காரர் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். படித்துவிட்டு வந்து கொடிக்காலை இரண்டு மடங்காக ஆக்குவான் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம்.

கல்லூரியில் ஒருநாள் சாயங்காலம், இன்றைக்கும் நம் சாமிக்குக் குருவாக இருக்கும் பெரிய சாமி பேச வந்தாராம். அதுதான் ஆரம்பம். பிறகு வாரம் தவறாமல் நாகமலை அடிவாரத்தில் இருக்கும் அவருடைய ஆசிரமத்துக்குப் போனான். விடியும் முன்னே எழுந்து குளித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். யாரோ ஒரு பிள்ளையைக் காதலிக்கிறான், அதை மறைக்கத்தான் இம்புட்டுப் பக்தி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அப்படி இருந்தால் நல்லதுதானே என்று நான்கூட ஆசைப்பட்டேன்.

படிப்பு முடிந்த கையோடு வந்து நின்றான். ஆசிரமத்தில் சேர வேண்டும், தாய் சம்மதம் இல்லாமல் பெரிய சாமி சேர்த்துக்கொள்ள மாட்டார் என்றான். அவன் அப்பா சத்தம் போட்டார். நான் சத்தம் போடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு சோதனையை வைத்தேன்.

"ஒரு வருசம் முழுசா கொடிக்கால்ல வேலை பாரு. அதுக்கப்புறமும் இதே நெனப்பு இருந்தா அம்மா தடுக்க மாட்டேன்" என்றேன்.

"சரிம்மா" என்றான்.

மண் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மனம் மாறிவிடும், பெண் பார்க்கலாம் என்று உள்ளுக்குள் திட்டம் வைத்திருந்தேன். அவனோ குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தான். தண்ணீர் பாய்ச்சினான், கொடி கட்டினான், இலை கிள்ளினான், கூலிக்கு வந்தவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். முதலில் கொடியை இறுக இறுகக் கட்டினான். "கட்டணும், ஆனா கழுத்த நெரிக்கக் கூடாதுடா" என்று நான்தான் அவிழ்த்துக் காட்டினேன். வருஷம் முடிந்த அன்றைக்குக் கைகால் கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றான். நானும் வாக்கு மாறுகிறவள் இல்லை. அனுப்பி வைத்தேன்.

சாமியை ஆக்கியது ஆசிரமம் என்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் முதல் வருஷப் பாடம் எங்கள் கொடிக்காலில்தான் நடந்தது என்பதை இந்த இடத்தில் பதிந்துவைக்கிறேன். போன வருஷம் வகுப்பில் மன அடக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது, "கொடியக் கட்டணும், கழுத்த நெரிக்கக் கூடாது" என்று சாமி சொன்னார். எல்லோரும் தலையாட்டி ரசித்தீர்கள். அது யார் சொன்னது என்று தூணுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆசிரமத்தில் போய்ச் சேர்ந்தவுடன் புத்தகத்தைக் கையில் கொடுப்பார்கள் என்று நினைத்தோம். பெரிய சாமி கொடுத்தது கரண்டி. சமையல், மாட்டுக்கொட்டில், பாத்திரம். ஒருமுறை பூசணிக்காயோடு பார்க்கப் போனேன். பட்டப்படிப்பு படித்த பிள்ளை அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்த முகம் முழுக்கக் கரி. ஆனால் அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இவன் நம் கைக்குத் திரும்ப மாட்டான் என்று. பிறகு பாடம் தொடங்கியது. கங்கைக் கரைக்கு அனுப்பிச் சில வருஷம் படிக்க வைத்தார்கள். குளிரிலும் பசியிலும் படித்து, பெரிய சாமியின் கையாலேயே சந்நியாசம் வாங்கிக்கொண்டார்.

வாங்கிய கையோடு, முதல் பிட்சையைப் பெற்றவளிடம் வாங்கி வா என்று பெரிய சாமி சோழவந்தானுக்கு அனுப்பி வைத்தார். தலை மழித்து, காவி உடுத்தி, வாசலில் நின்றவரை ஒரு நிமிஷம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சோறும் பருப்பும் போட்டேன். அவர் அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். வருஷக்கணக்காகப் பிள்ளையோடு பேசாமல் இருந்த மனுஷர், எழுந்தபோது முகமெல்லாம் கண்ணீர். நானும் விழப்போனேன். சாமி என்னைத் தடுத்துவிட்டு, அவர் என் காலில் விழுந்தார். சந்நியாசி யாரையும் வணங்க வேண்டியதில்லை, தாய் ஒருத்தியைத் தவிர என்றார். அந்தப் பெருமை எனக்கு இந்தப் பிறவிக்குப் போதும்.

பிறகு கிளம்பினார். வாசல்படி இறங்கித் திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

"போறேம்மா."

நம் பக்கத்தில் யாராவது அப்படிச் சொல்வார்களா? கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வோம். சண்டை போட்டுக்கொண்டு போகிற மருமகள்கூட அப்படித்தான் சொல்வாள். வாரேன் என்று சொல்லக் கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான். சாவு வீடு.

அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். மறுநாள்தான் விளங்கியது. சந்நியாசம் வாங்கும்போது தனக்குத் தானே கருமாதி செய்துகொள்வார்கள். அப்படியென்றால் பெற்ற வீடும் அவருக்கு ஒரு சாவு வீடுதான். திரும்பி வருகிறேன் என்று சொன்னால் அது பொய். பொய் சொல்ல மாட்டேன் என்று விரதம் எடுத்தவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். விளங்கியது. ஆனால் ஆறவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்.

சில வருஷம் கழித்து, படிப்பைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பெரிய சாமி அவரை மதுரைக்கே திருப்பி அனுப்பினார். அவர் செய்த வேலையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லுவேன். ஞாயிறு திருநகர். மற்ற நாட்களில் வைகைக் கரையோரத்துக் கிராமங்கள். முன்பு எங்கள் கொடிக்காலில் கூலிக்கு வந்த குடும்பங்களின் தெருவில்தான் முதல் கிராம வகுப்பைத் தொடங்கினார். அங்கேயே சாப்பிட்டார். எங்கள் சொந்தத்தில் சில பேர் முகத்தைச் சுளித்தார்கள். சாமி அவர்களோடு வாதாடவே இல்லை, வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. இன்றைக்கு அதே சொந்தக்காரர்கள் அந்தத் தெருவுக்குப் போய், இடம் இருக்கிறதா என்று கேட்டு உட்காருகிறார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளில் ஒருத்தி இப்போது கல்லூரியில் சமஸ்கிருதம் படிக்கிறாள். என் மகனுடைய வகுப்பில் எழுத்துக் கூட்டிய பிள்ளை.

ஒன்று மட்டும் மாறவில்லை. வகுப்பு முடிந்தால் கையைக் கூப்புவார், மேடையை விட்டு இறங்குவார், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அதைத் துறவு என்று மெச்சினார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பழைய "போறேம்மா" காதில் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பங்குனியில் குரல் கம்ம ஆரம்பித்தது. ஊரில் யாருக்குத் தொண்டை கட்டினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், வெற்றிலைக் கொழுந்தில் மிளகு வைத்து மெல்லக் கொடுப்போம். சாமிக்கும் நல்ல கொழுந்தாகப் பொறுக்கி ஆசிரமத்துக்கு அனுப்பினேன். கேட்கவில்லை. ஊருக்கே தொண்டை சரியாக்கிய வீட்டு வெற்றிலை, அந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவவில்லையே என்று கொடிக்காலில் நின்று அழுதேன். அதற்குப் பிறகுதான் அந்த டாக்டரம்மாவும் அந்தப் படமும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போனேன். என்னென்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கட்டி கெட்டதாக இருக்கக் கூடாது. கத்தி பட்ட இடம் ஆற வேண்டும். குரல் திரும்ப வேண்டும். ஆயுசு வேண்டும். கூட்டமான கூட்டம். சந்நிதிக்கு முன்னால் வந்து அவள் முகத்தைப் பார்த்த அந்த நொடியில், பின்னால் இருந்து நெருக்குகிறார்கள், "நகருங்க, நகருங்க" என்று குரல் கேட்கிறது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. வரிசைப்படுத்தி வைத்தது எல்லாம் மறந்துபோய், வருஷக்கணக்காக மனதில் கிடந்தது ஒன்று வாயில் வந்து விழுந்தது.

"தாயே, அந்த வாயிலேருந்து எனக்கு ஒரு வாரேன் வரணும்."

அவ்வளவுதான். என்னை வெளியே தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, கட்டியைப் பற்றிக் கேட்கவில்லையே! உயிரைப் பற்றிக் கேட்கவில்லையே! பெற்ற பிள்ளை கத்திக்குக் கீழே படுக்கப்போகிறது, இவள் போய்த் தன் ஏக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறாளே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். மறுபடி வரிசையில் நின்றேன். என் முறை வரக் கொஞ்சம் முன்னால் உச்சிகாலத்துக்கு நடை சாத்திவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து வரச் சொல்லிப் போன் வந்துவிட்டது. பொற்றாமரைக் குளத்துப் படியில் நின்று கோபுரத்தைப் பார்த்து, "கேட்டது கேட்டதுதான், மிச்சத்த நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வேறு வழி தெரியவில்லை. இந்தப் பிரார்த்தனையை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார்.

ஆபரேஷன் நடந்தது. பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த நாட்களில் சோறு எனக்கு மண்ணாக இருந்தது. முடிவு வந்த அன்றைக்கு டாக்டரம்மா வாசலிலேயே சிரித்துக்கொண்டு வந்தார். கெட்ட கட்டி இல்லை. நான் அங்கேயே மேற்குப் பக்கம் பார்த்தா கிழக்குப் பக்கம் பார்த்தா என்று தெரியாமல் விழுந்து கும்பிட்டேன்.

ஆனால் குரல்? முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வைகாசி போனது, ஆனி போனது. சாமி மௌனமாகவே ஞாயிறு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். மூத்த மாணவர்கள் வாசித்தார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது. ஒரு சொல் இல்லாமல் பாடம் நடத்திய வாத்தியாரை நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்ததுண்டா? எனக்குப் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், மார்பு விம்மியது உண்மை.

ஆடியில் பேச்சுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு கரகரவென்று ஏதோ வந்தது. குரல் வந்துவிட்டது, வகுப்பில் பேசலாம் என்று ஆவணியில் அனுமதி கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வெளியே ரோடு வரைக்கும் செருப்பு. பெரிய சாமியே தள்ளாத வயதில் வந்து முன்னால் நாற்காலியில் அமர்ந்தார். நான் என் தூணுக்குப் பக்கத்தில். சாமி வாயைத் திறந்தார். பழைய குரல் இல்லை. கனமாக, கொஞ்சம் சொரசொரப்பாக, மெதுவாக வந்தது. முன்னால் அருவி மாதிரிப் பேசுவார். இப்போது ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து வைத்தார். கொஞ்ச நேரம்தான் பேசினார். பெரிய சாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க எத்தனை பிறவி எடுத்தாலும் தகும்.

வகுப்பு முடிந்தது. வழக்கம்போலக் கையைக் கூப்பினார். மேடையை விட்டு இறங்கினார். வாசல் பக்கம் போக வேண்டியவர், பெண்கள் பக்கம் திரும்பினார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசி வரிசை வரைக்கும் வந்து, தூணுக்குப் பக்கத்தில் நின்றார். சாமி எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அதனால் அவர் சொன்னது யாருக்கென்று கூட்டத்துக்குத் தெரிந்திருக்காது.

"போயிட்டு வாரேம்மா."

அழ வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது வீம்பு. இத்தனை வருஷம் காத்திருந்தவள் சும்மா விடுவாளா?

"சாமி பொய் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

சாமி சிரித்தார். அண்டாவுக்குள்ளிருந்து வெளியே வந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

"பொய் இல்லம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை வகுப்பு இருக்குல்ல. வரணும்ல" என்றார்.

அவ்வளவுதான், போய்விட்டார். பக்கத்தில் இருந்த பெண், அன்றைக்கு என் தொடையைத் தட்டியவளேதான், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாமி போன வழியைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல்தான் எனக்கு அழுகை வந்தது.

சொந்தங்களே, நன்றாக யோசித்துப் பாருங்கள். நான் கேட்டது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் வர வேண்டும் என்றால் குரல் வேண்டும். கட்டி நல்ல கட்டியாக இருக்க வேண்டும். உயிர் வேண்டும். திரும்பி வர மனமும் வர வேண்டும். நான் கேட்க மறந்த எல்லாவற்றையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தாள் மீனாட்சி. நான் என்ன கேட்டேன் என்று சாமிக்கு யாரும் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அவருக்கே தெரியப்போகிறது.

முன்பெல்லாம், பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், "போயிட்டான்" என்பேன். கேட்டவர்கள் பாவப்பட்டு உச்சுக்கொட்டுவார்கள். இப்போது அப்படிச் சொல்வதில்லை. "ஊருக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறாரு, ஞாயித்துக்கிழமை வருவாரு" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். என் வீட்டுக்காரரும் இப்போது ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் வந்து உட்காருகிறார். அதற்காக மத்தியானமே கிளம்பிவிடுகிறார்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள். அழகாகக் கேட்க வரவில்லையே, எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். நெருக்கித் தள்ளும்போது வாயில் எது வருகிறதோ அதைக் கேளுங்கள். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டாள், நான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை திருநகர் மண்டபத்துக்கு வாருங்கள். பெண்கள் பக்கம், கடைசி வரிசை, தூணை ஒட்டி இருப்பது நான்தான். இனி ஒளிய மாட்டேன். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்கச் சட்டென்று எழுந்து ஓடிவிடாதீர்கள். சாமி கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லுவார். அதைக் காதில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.